புது ஹார்ட் டிஸ்க் உண்மையிலேயே புதிதுதானா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலர் ஒரு வருடம் முடிவதற்குள் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். மொபைல் போனில் எடுத்த போட்டோக்கள், கல்யாண வீடியோ, பிள்ளைகளின் பாடங்கள் என்று லேப்டாப்பில் இருக்கும் இடமெல்லாம் நிறைந்து விடுகிறது. கடையில் ஒரு டப்பாவைத் தருகிறார்கள். வீட்டுக்கு வந்து கேபிளைச் சொருகினால் திஸ் பிசியில் புதிய டிரைவ் ஒன்று தெரிகிறது. உடனே இருப்பதையெல்லாம் காப்பி செய்து, பழைய இடத்திலிருந்து டெலீட்டும் செய்து விடுகிறோம்.

அப்படிச் செய்வதற்கு முன் ஒரே ஒரு நாள் பொறுத்திருங்கள். அந்த ஒரு நாளில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் காணப் போகிறோம்.

எனக்கு இந்தப் பாடம் காரைக்காலில் கிடைத்தது. என் பெரியப்பா அங்கே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது எனக்கு 7 வயது. அதற்குப் பின் வந்த மாதங்களில் கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி பக்கமிருந்து ஆட்கள் ஸ்டூடியோவுக்கு வந்தபடி இருந்தார்கள். புதுப் படம் எடுக்க அல்ல. "எங்க பாப்பாவ ஸ்கூல் சேக்கும்போது இங்கதான் படம் எடுத்தோம், பழைய பிலிம் இருக்குமா?" என்று கேட்டு வந்தார்கள். வீட்டில் இருந்த படமெல்லாம் கடலோடு போய்விட்டது. இறந்தவரின் முகம் மிச்சமிருந்த ஒரே இடம் பெரியப்பாவின் நெகட்டிவ் பெட்டிதான். சிலருக்குக் கிடைத்தது. பலருக்கு இல்லை, ஏனென்றால் பழைய நெகட்டிவ்களில் பாதியை அவர் அதற்கு முன்பே தூக்கிப் போட்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் ஒரு நெகட்டிவைக்கூட எறிந்ததில்லை. ஸ்டூடியோவை மூடிய பிறகு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யத் தொடங்கினார். அதற்காக 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வைத்திருந்தார். நான் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த அன்று, காப்பி செய்வதற்கு முன் சும்மா ஒரு முறை பார்ப்போமே என்று சோதித்தேன். அன்று காலை சீல் பிரித்த டிஸ்க். அது ஏற்கெனவே 14,212 மணி நேரம் ஓடியிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 592 நாட்கள், இரவு பகலாக! ஆன் செய்யப்பட்ட எண்ணிக்கையோ வெறும் 38. வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் தினமும் ஆன், ஆஃப் என்று இந்த எண் நூற்றுக்கணக்கில் போயிருக்கும். ஒன்றரை வருடத்திற்கு மேல் ஓடியும் 38 முறைதான் ஆன் ஆகியிருக்கிறது என்றால், எங்கோ ஒரு சிசிடிவி பெட்டியிலோ சர்வரிலோ நிற்காமல் ஓடிய டிஸ்க் அது. துடைத்து, புதுக் கவரில் போட்டு, காரைக்கால் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

"ஏன்டா தம்பி, கவர் பிரிக்காமத்தானே குடுத்தாங்க?" என்றார் பெரியப்பா. கவர் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று சொன்னேன்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் நடந்த கதை அல்ல. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைசே என்ற கம்ப்யூட்டர் செய்தி நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. சீகேட் நிறுவனத்தின் எக்ஸோஸ் வகை டிஸ்க்குகளைப் புதியவை என்று நம்பி வாங்கிய பலருக்கு, பல்லாயிரம் மணி நேரம் ஓடிய பழைய டிஸ்க்குகள் கிடைத்திருந்தன. பெயர் பெற்ற கடைகளில் வாங்கியவர்களும் இதில் அடக்கம். அவற்றைத் தாங்கள் விற்கவில்லை என்று சீகேட் மறுத்து, விசாரணையைத் தொடங்கியது. 2021 இல் வந்த சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக வாங்கி ஓட்டப்பட்ட டிஸ்க்குகள் இவை என்ற சந்தேகம் எழுந்தது. பிட்காயின் போல இல்லாமல், அந்த நாணயத்தைத் தோண்டுவதற்கு ஹார்ட் டிஸ்க்கில் காலி இடம் வேண்டும். அதனால் ஆயிரக்கணக்கில் டிஸ்க் வாங்கினார்கள். லாபம் குறைந்ததும் அவை சந்தைக்கு வந்தன. அதே 2025 இல் மலேசியாவின் கோலாலம்பூர் அருகே ஒரு கிடங்கில் அந்நாட்டு அதிகாரிகளும் சீகேட் ஆட்களும் சேர்ந்து சோதனை நடத்தி, சுமார் 700 சீகேட் டிஸ்க்குகளைக் கண்டுபிடித்தனர். பழைய டிஸ்க்கைச் சுத்தம் செய்து, லேபிள் மாற்றி, ஓடிய மணிக் கணக்கையும் அழித்து, புதிது போல ஆன்லைனில் விற்கும் வேலை அங்கே நடந்து கொண்டிருந்தது.

மணிக் கணக்கை அழிக்க முடியும் என்பதைக் கவனியுங்கள். பெரியப்பாவின் டிஸ்க்கை விற்றவர் அந்தச் சிரமம்கூட எடுத்துக் கொள்ளவில்லை. அதனால்தான் எனக்கு ஐந்து நிமிடத்தில் அகப்பட்டது. எல்லோருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. எனவே ஒரு சோதனையோடு நிறுத்தாமல், படிப்படியாகப் போவோம்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

முதலில் பில். 2017 ஜூலை 1 இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன், புதுச்சேரி மாநிலத்தில் வரி குறைவு என்று நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்திலிருந்து காரைக்காலுக்கு வந்து பொருள் வாங்கிப் போவார்கள். இன்று எங்கே வாங்கினாலும் வரி ஒன்றுதான். ஆனால் "பில் இல்லாம எடுத்துக்கிட்டா கொறச்சுத் தர்றேன்" என்ற பழக்கம் மட்டும் போகவில்லை. ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் இதற்குச் சம்மதிக்காதீர்கள். பில்லில் டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "வாங்கிய டிஸ்க் இதுதான்" என்று பிற்பாடு நிரூபிக்க உங்களிடம் வேறு எதுவும் இருக்காது. பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். காரைக்கால் கடை என்றால் 34, நாகப்பட்டினம் அல்லது சென்னை ரிச்சி தெருக் கடை என்றால் 33. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் கடையின் பெயர் வரும்.

அடுத்து, எத்தனை நாட்களுக்குள் மாற்றித் தருவார்கள் என்று கேட்டு, அதையும் பில்லிலேயே எழுதி வாங்கவும். நாம் செய்யப் போகும் எல்லாச் சோதனைகளும் அந்த நாட்களுக்குள் முடிந்துவிட வேண்டும். வாங்கி வந்த டிஸ்க்கைப் பீரோவில் வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் கடைக்காரரும் கையை விரிப்பார்.

கம்ப்யூட்டருக்கு உள்ளே பொருத்தும் டிஸ்க் என்றால் உருவத்தைப் பாருங்கள். கேபிள் சொருகும் இடத்தில் தங்க நிறத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றில் கீறல்கள் இருந்தால் யாரோ முன்பே சொருகிப் பிடுங்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் உள்ள திருகுத் துளைகளின் ஓரத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறதா, அடிப்பக்க போர்டின் திருகுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கடலோரத்தில் வசிக்கும் நமக்கு உப்புக் காற்று எதை என்ன செய்யும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. பாலிதீன் கவருக்குள் நேற்று வரை மூடியிருந்த பொருளில் துரு எப்படி வரும்? லேபிளின் ஓரம் தூக்கிக் கொண்டோ, அடியில் பழைய பசை தெரியும்படியோ இருந்தால் அதையும் சந்தேகப்படலாம்.

லேபிளில் ரீசர்ட்டிஃபைட் என்றோ ரீஃபர்பிஷ்டு என்றோ அச்சிட்டிருந்தால், கம்பெனியோ வேறு ஒருவரோ பழுது பார்த்துச் சோதித்து மறுபடி விற்கிறார்கள் என்று பொருள். இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் புது டிஸ்க்கின் விலையை அதற்குத் தரக் கூடாது.

யுஎஸ்பி கேபிளுடன் வரும் போர்ட்டபிள் டிஸ்க்கை இப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது. பிரித்தால் வாரண்டி போய்விடும். இந்தியாவில் விற்கப்படும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குகளில் பிஐஎஸ் முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மொபைலில் பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பை இன்ஸ்டால் செய்து அந்த எண்ணைக் கொடுத்தால், அது எந்தக் கம்பெனிக்குத் தரப்பட்ட எண் என்று காட்டும்.

கம்பெனியிடமே கேளுங்கள்

இன்று ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் உலகிலேயே மூன்றே பேர்தான். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மேக்ஸ்டர் 2006 இலேயே சீகேட்டுக்குள் போய்விட்டது. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவும் 2011 இல் அங்கே போயிற்று. ஹிட்டாச்சியின் பிரிவை 2012 இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. ஆகவே புத்தம் புதிய மேக்ஸ்டர் அல்லது ஹிட்டாச்சி இன்டர்னல் டிஸ்க் என்று யாராவது நீட்டினால், நன்றி சொல்லிவிட்டு வந்து விடுங்கள்.

மூன்று கம்பெனிகளின் இணையதளங்களிலும் வாரண்டி செக் என்ற பக்கம் உண்டு. அதில் சீரியல் நம்பரை டைப் செய்தால் வாரண்டி எந்தத் தேதி வரை என்று தெரியும். இன்று வாங்கிய டிஸ்க்குக்கு இன்னும் ஆறு மாதம்தான் பாக்கி என்று வந்தால் விழித்துக் கொள்ளுங்கள். "இது ஒரு கம்ப்யூட்டரின் பாகமாக விற்கப்பட்டது, விற்றவரிடம் கேட்கவும்" என்ற பொருளில் பதில் வந்தால், பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மொத்தமாகப் போன சரக்கு வெளியே வந்திருக்கிறது. டிஸ்க் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பழுதானால் தயாரித்த கம்பெனி உங்களுக்கு மாற்றித் தராது. வேறு நாட்டில் விற்பதற்கான டிஸ்க் என்றாலும் இதே தொல்லைதான்.

1 டிபி வாங்கினால் 931 ஜிபிதானா?

இந்த இடத்தில் பயப்பட வேண்டாம். புதிதாக வாங்கிய பலரும் கடைக்காரரிடம் சண்டை போடுவது இதற்குத்தான். கம்பெனிக்காரர்கள் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024 ஆல் வகுத்து வகுத்துக் கணக்கிடுகிறது. அதனால் 500 ஜிபி டிஸ்க் 465 ஜிபி என்றும், 1 டிபி 931 ஜிபி என்றும், 2 டிபி 1.81 டிபி என்றும் தெரியும். ஒரு பைட்டைக்கூட யாரும் திருடவில்லை.

டிஸ்க்கின் டைரி

இனி சாஃப்ட்வேர். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன்னைப் பற்றி ஒரு டைரி எழுதிக் கொண்டே இருக்கிறது. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். எத்தனை மணி நேரம் ஓடினேன், எத்தனை முறை ஆன் ஆனேன், எத்தனை இடத்தில் பழுது வந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். விண்டோஸ் இதை வெளிப்படையாகக் காட்டாது. படித்துக் காட்ட கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ஜப்பானியர் ஒருவர் எழுதியது. அதன் சொந்த இணையதளமான கிறிஸ்டல்மார்க் டாட் இன்ஃபோவில் இருந்து மட்டும் டவுன்லோடு செய்யவும். ஸ்டாண்டர்டு எடிஷன் போதும். கார்ட்டூன் பெண்கள் படம் போட்ட எடிஷன்களும் இருக்கும், வேலை எல்லாம் ஒன்றுதான்!

திறந்ததும் மேலே உங்கள் டிஸ்க்குகள் வரிசையாகத் தெரியும். புது டிஸ்க்கைக் கிளிக் செய்யவும். முதலில் அங்கே தெரியும் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் லேபிளில் உள்ளவையோடு ஒத்துப் போகின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். லேபிளில் ஒன்று, உள்ளே ஒன்று என்றால் அதற்கு மேல் சோதிக்கவே வேண்டாம், கடைக்குக் கிளம்பலாம். போர்ட்டபிள் டிஸ்க்கில் மட்டும், உள்ளே இருக்கும் டிஸ்க்கின் எண்ணும் வெளி உறையின் எண்ணும் சில மாடல்களில் வேறுபடலாம்.

வலப்பக்கம் பவர் ஆன் ஹவர்ஸ், பவர் ஆன் கவுன்ட் என்ற இரண்டையும் பாருங்கள். புது டிஸ்க்கில் மணி 0 அல்லது ஒற்றை இலக்கத்தில் இருக்கும். கவுன்ட் சில முறை இருக்கலாம், ஏனெனில் தொழிற்சாலையிலும் சோதிப்பார்கள், கடையிலும் ஒரு முறை மாட்டிப் பார்த்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான மணி என்றால் அது பழையது.

கீழே உள்ள பட்டியலில் எண்கள் விநோதமாகத் தெரியும். 14,212 என்ற மணிக் கணக்கு அங்கே 3784 என்று இருந்தது. அது 16 ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதில் ரா வேல்யூஸ், அதில் 10 டெக் என்பதைக் கிளிக் செய்தால் நாம் வழக்கமாகப் படிக்கும் எண்களாக மாறிவிடும். மாற்றிய பின் ரா வேல்யூ என்ற கடைசிப் பத்தியை மட்டும் படிக்கவும்.

அதில் முக்கியமானவை மூன்று வரிகள். 05 என்பது ரீஅலோகேட்டட் செக்டார். டிஸ்க்கின் தட்டு கோடிக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு செக்டார். காரில் ஸ்டெப்னி வைத்திருப்பது போல, கெட்டுப் போகும் செக்டாருக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கொஞ்சம் செக்டார்களைக் கம்பெனி ஒதுக்கி வைத்திருக்கும். அப்படி எத்தனை ஸ்டெப்னி மாட்டியாயிற்று என்பதுதான் 05. அடுத்தது சி5. படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டார்கள். பிறகு சி6. சரி செய்யவே முடியாதவை. புது டிஸ்க்கில் இந்த மூன்றும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

01, 07 என்ற வரிகளில் சீகேட் டிஸ்க்கில் கோடிக்கணக்கான எண் தெரியும். அது பழுதுகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல, கம்பெனி பல விவரங்களைச் சேர்த்து எழுதும் முறை. அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ளாதீர்கள். சி7 ஏறினால் குற்றம் பெரும்பாலும் கேபிளுடையது.

மேலே குட் என்று நீல நிறத்தில் காட்டுகிறதே, போதாதா என்று கேட்கலாம். பெரியப்பாவின் பழைய டிஸ்க்குக்கும் குட் என்றுதான் காட்டியது. ஓடிய மணியை அந்த வார்த்தை கணக்கில் எடுத்துக் கொள்வதில்லை.

மீட்டரைத் திருப்பி வைத்திருந்தால்?

பழைய பைக்கை விற்பவர் கிலோமீட்டரைத் திருப்பி வைப்பது போலத்தான் ஸ்மார்ட் டைரியை அழிப்பதும். ஜெர்மனியில் விற்ற டிஸ்க்குகளில் இதைத்தான் செய்திருந்தார்கள். பிடிபட்டது எப்படி என்றால், சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற இன்னொரு டைரியும் உள்ளே இருக்கிறது. மோசடிக்காரர்கள் முதல் டைரியை அழித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள்.

ஃபார்ம் டைரியைப் படிக்க ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். இதில் மவுஸ் வேலை செய்யாது, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டைப் செய்ய வேண்டும். ஸ்மார்ட்சிடிஎல் என்ற புரோகிராமின் பெயர், ஓர் இடைவெளி, கழித்தல் குறியோடு சிறிய எல், மீண்டும் இடைவெளி, ஃபார்ம் என்ற சொல், பிறகு டிஸ்க்கின் பெயர். எந்த டிஸ்க்குக்கு என்ன பெயர் என்று அறிய, முதலில் ஸ்கேன் என்ற சொல்லை இரண்டு கழித்தல் குறிகளோடு கொடுத்துப் பாருங்கள். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த கல்லூரி மாணவர் யாரையாவது உட்கார வைத்துச் செய்யலாம். வரும் பட்டியலில் பவர் ஆன் ஹவர்ஸ் என்ற வரியை மட்டும் தேடுங்கள். ஸ்மார்ட் டைரியில் 2 மணி, இங்கே 20,000 மணி என்று இருந்தால் விஷயம் முடிந்தது. இது சீகேட்டுக்கு மட்டுமே. மற்ற கம்பெனி டிஸ்க்குகளுக்கு வெளித் தோற்றம், வாரண்டித் தேதி, அடுத்து சொல்லப் போகும் சோதனை ஆகியவற்றையே நம்ப வேண்டும்.

முழுவதும் எழுதி, முழுவதும் படியுங்கள்

மேலே சொன்னவை எல்லாம் டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்லும் சாட்சி. இப்போது நாமே வேலை வாங்கிப் பார்க்கப் போகிறோம்.

இதற்கு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு சாஃப்ட்வேர் இருக்கிறது. முன்பு சொன்ன அதே ஹைசே நிறுவனத்தின் கம்ப்யூட்டர் இதழுக்காக எழுதப்பட்டது. பழையதுதான், ஆனால் இன்றும் நன்றாக ஓடுகிறது. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

உள்ளே பொருத்தும் டிஸ்க் என்றால் முதலில் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, இனிஷியலைஸ் செய்து, ஜிபிடி தேர்வு செய்து, நியூ சிம்பிள் வால்யூம் உருவாக்கிக் கொள்ளவும். அப்போது எந்த டிஸ்க் என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக் கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும். போர்ட்டபிள் டிஸ்க்குகள் தயாராகவே வரும்.

பிறகு ஹெச்2டெஸ்ட்டபிள்யூவைத் திறந்து, புது டிரைவைத் தேர்வு செய்து, ஆல் அவைலபிள் ஸ்பேஸ் என்பதைக் கிளிக் செய்து, ரைட் பிளஸ் வெரிஃபை பட்டனை அழுத்தவும். காலியாக இருக்கும் இடம் முழுவதையும் 1 ஜிபி பைல்களால் நிரப்பி, பிறகு ஒன்று விடாமல் திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிடும். நேரம் பிடிக்கும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 2 டிபி எழுத ஏறக்குறைய 4 மணி, படிக்க இன்னொரு 4 மணி. பழைய யுஎஸ்பி 2 துளையில் சொருகினால் எழுதுவதற்கு மட்டுமே 16 மணி ஆகிவிடும். நீல நிறத் துளை இருந்தால் அதில் சொருகவும். லேப்டாப் தூங்கிப் போகாதபடி பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் என்பதை நெவர் ஆக்கிவிட்டு, இரவில் ஓட விடுவது நல்லது.

போலி பென் டிரைவ், போலி எஸ்எஸ்டி ஆகியவற்றைப் பிடிப்பதற்கும் இதே சோதனைதான். 2022 இல் அமெரிக்காவின் பெரிய கடை ஒன்றின் இணையதளத்திலேயே 30 டிபி எஸ்எஸ்டி என்று ஒன்று மிகக் குறைந்த விலைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு சிறிய மெமரி கார்டுகள். 2011 இல் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு படம் இன்னும் வேடிக்கை. போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு 128 எம்பி பென் டிரைவும், எடை தெரியாமல் இருக்க இரண்டு பெரிய நட்டுகளும்! இவற்றைச் சொருகினால் விண்டோஸ் முழு அளவைத்தான் காட்டும். காப்பியும் ஆகும். இடம் தீர்ந்ததும் பழையதன் மேலேயே எழுதிக் கொண்டு போகும். பைல் பெயர்கள் எல்லாம் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

முடிவில் டெஸ்ட் ஃபினிஷ்டு வித்தவுட் எரர்ஸ் என்று வந்தால் நல்லது. உடனே கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை மீண்டும் திறந்து 05, சி5, சி6 மூன்றையும் பாருங்கள். டைரியை அழித்து விற்ற டிஸ்க்கில், முழுவதும் எழுதிப் படித்த பிறகு இந்த எண்கள் மறுபடி ஏற ஆரம்பிக்கலாம். எல்லாம் சரி என்றால் அந்த 1 ஜிபி பைல்களை அழித்துவிட்டுப் பயன்படுத்தத் தொடங்கலாம்.

டிஸ்க் ஓடும்போது காதை அருகில் வைத்துக் கேட்பதும் நல்ல பழக்கம். மெல்லிய ரீங்காரம் சாதாரணம். டக், டக் என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் நிறுத்திவிடவும்.

பழையது என்று தெரிந்தால்

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ திரையை, சீரியல் நம்பர் தெரியும்படி ஸ்கிரீன் ஷாட் எடுத்துக் கொள்ளுங்கள். டப்பா, கவர், பில் எல்லாவற்றோடும் கடைக்குப் போங்கள். கோபமாகப் பேச வேண்டாம். பல நேரம் கடைக்காரரும் ஏமாந்தவர்தான்.

எங்கள் கடைக்காரர் முதலில், "சாஃப்ட்வேர் தப்பாக் காட்டும் தம்பி" என்றார். "இருக்கட்டும் அண்ணே, உங்க ஸ்டாக்குல இருக்கற இன்னொரு டிஸ்க்க இதே சாஃப்ட்வேர்ல பாப்போம்" என்றேன். மாட்டினோம். 9,000 சொச்சம் மணி. மூன்றாவதும் அப்படியே. அவர் முகம் மாறிவிட்டது. ஒரு பெட்டி முழுக்க மொத்த வியாபாரியிடம் வாங்கியிருந்தார். பில்லில் சீரியல் நம்பர் இருந்ததால் பேச்சே இல்லாமல் எங்களுடையதை எடுத்துக் கொண்டார். வேறு இடத்திலிருந்து வரவழைத்து நான்கு நாள் கழித்துக் கொடுத்தார். பெட்டியை மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்ப, எங்கள் ஸ்கிரீன் ஷாட்டையே கேட்டு வாங்கிக் கொண்டார்.

மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதற்கு இரண்டு வருட அவகாசம் உண்டு.

புதிதாக வந்த டிஸ்க்கில் மணி 0. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ ஒரு இரவு முழுவதும் ஓடிப் பிழை இல்லாமல் முடிந்தது. ஆனால் சி7 மட்டும் 0 விலிருந்து 17 ஆகியிருந்தது. பெரியப்பா இதையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய சாட்டா கேபிளை மாற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். 17 இலேயே நின்றுவிட்டது.

இதோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் 2007 இல் கூகுள் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்துச் செய்த ஆய்வு அது. பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், அதாவது 56 சதவீதம், ஸ்மார்ட் டைரியின் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூட முன்கூட்டிக் காட்டவில்லை. அதாவது, நாம் செய்த சோதனை எல்லாம் பழையதையும் போலியையும் ஏற்கெனவே நோய் பிடித்ததையும் ஒதுக்கத்தான். அசல் புது டிஸ்க்கும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்று போகலாம். அதனால் பெரியப்பாவிடம் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கச் சொன்னேன். வேறு கம்பெனி, வேறு கடை. அதையும் இதே போல் ஒரு இரவு ஓடவிட்டோம். இரண்டிலும் ஒரே படங்கள். ஒன்று காரைக்காலில் அவர் பீரோவில், மற்றது சென்னையில் என் அறையில். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது என் டிஸ்க்கையும் எடுத்துப் போகிறேன். அந்த வருடம் ஸ்கேன் செய்த புதுப் படங்களை அதில் சேர்த்துக் கொண்டு, இரண்டையும் மாட்டி 05, சி5, சி6 பார்க்கிறோம். பெரியப்பா அந்த எண்களை நெகட்டிவ் பெட்டியின் மூடியிலேயே தேதி போட்டு எழுதி வைக்கிறார். போன ஆனியில் ஆறு எண்களும் பூஜ்யம்.